நாற்பத்து நான்காவது மீன்

மிசோகுபோ
2015 அக்டோபர் 28

நடுவர் தகிசவா கென்சாகு அவர்களுக்கு,

குளிர் எப்படி, உடம்பு எப்படி என்று விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். எனக்கு அதற்கு மனமில்லை. பதினொரு வருடமாக உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள், இப்போதும் தங்கையாக எழுதவில்லை. வண்ணக் கெண்டை பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் உங்களைவிட நன்றாகப் பார்க்கிறவர் யாருமில்லை. அது என் தலையெழுத்து.

பதினேழாம் தேதி மேல் குளத்தில் வலை இழுத்தோம். ஜூன் மாதம் அந்தச் சேற்றுக் குளத்தில் நாற்பத்து மூன்று மீன்களை விட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் படமெடுத்து, என் கையால் இறக்கியவை. இலையுதிர் காலத்தில் எடுக்கும்போது இரண்டு மூன்று குறையும். கொக்கு கொத்தும், நோய் வரும், அது வழக்கம். இந்த முறை நாற்பத்து நான்கு வந்தது.

எண்ணியது பக்கத்து வீட்டு தோகுஜி. வலை இழுக்க வருடா வருடம் வருகிறவர்.

"ஒழுங்கா எண்ணினீங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"எழுவது வயசாச்சு, மறதி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மறதியில கொறையத்தானேம்மா செய்யும்? கூடுமா?" என்றார்.

மூன்று முறை எண்ணினோம். பிறகு ஒவ்வொன்றாக நீலத் தொட்டிக்கு மாற்றி, படங்களோடு ஒப்பிட்டோம். கடைசியாக ஒன்று மிஞ்சியது. எழுபது சென்டிமீட்டர் இருக்கும், பெண் மீன். வெள்ளை உடம்பில் மூன்று படியாகச் சிவப்பு. இரண்டாவது படியின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளை ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் கீழே, ஒன்றையொன்று தொடாத இரண்டு கறுப்புத் துளிகள்.

தோகுஜி தொப்பியைக் கழற்றினார். நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்களும் அதை அறிவீர்கள். 2004ஆம் ஆண்டு மாவட்டக் கண்காட்சியில், மையை, அதாவது தோலிலேயே இருக்கும் கறுப்புப் பொட்டை, சுரண்டிய மீன் என்று சொல்லி, எல்லோர் எதிரிலும் போட்டியிலிருந்து நீங்கள் தூக்கச் சொன்ன மீன் அது. என் கணவர் தெருயுகியின் மீன். நான்கு நாள் கழித்து அவர் அதை மேல் குளத்தில் விடப் போனபோதுதான் பூகம்பம் வந்தது. மலைச்சரிவு குளத்தின்மேல் விழுந்தது. அவரும் கிடைக்கவில்லை, மீனும் கிடைக்கவில்லை. இப்போதிருக்கும் குளம், அந்த இடத்திலிருந்து இருநூறு அடி தள்ளிப் புதிதாக வெட்டியது.

ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன். இது எந்த ரகம், என்ன தரம், அதே மீனா இல்லையா? இந்த மூன்றுக்கும் பதில் போதும். போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

சகாய் கினுயோ


ஒகயாமா
நவம்பர் 6

கினுயோ,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். யாரோ இறந்துவிட்ட செய்தி என்று நினைத்தேன்.

நடுவரிடம் கேட்டாய். நடுவராகவே சொல்கிறேன்.

ரகம் சான்கே. வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றும் இருப்பதால் ஷோவா என்னும் இன்னொரு ரகமோ என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். ஷோவாவின் கறுப்பு தலையில் ஏறும், வயிற்றுப் பக்கம் சுற்றி இறங்கும், மார்புத் துடுப்பின் வேரில் கட்டியாக நிற்கும். இந்த மீனில் கறுப்பு முழுக்க முதுகோடு நிற்கிறது. மார்புத் துடுப்பில் மூன்று மெல்லிய கோடுகள் மட்டும். சந்தேகமில்லை.

தரம். முதலில் உடம்பைத்தான் பார்ப்பேன். தோள் திரண்டிருக்கிறது, வால் தண்டு ஒல்லியாக முடியவில்லை. வெள்ளை, இப்போதுதான் இடித்தெடுத்த மோச்சி அரிசிமாவு போல இருக்கிறது, மஞ்சள் தட்டவில்லை. சிவப்பு தலையிலிருந்து வால்வரை ஒரே கனம். சிவப்பின் பின்கரை கத்தியால் வெட்டியது போல் நிற்கிறது. முன்கரையில் வெள்ளைச் செதிலுக்கு அடியில் சிவப்பு இன்னும் நிழலாகத் தெரிகிறது. அதாவது இந்த மீன் இன்னும் முடியவில்லை, வளரும். எந்தக் கண்காட்சியிலும் கடைசிச் சுற்றுக்கு வரும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: அதே மீன் இல்லை. அந்த மீன் அன்றைக்கே நான்கு வயது. இன்று உயிரோடு இருந்தால் பதினைந்து. அந்த வயதில் சிவப்பு வெடித்துத் திட்டுத்திட்டாகியிருக்கும். உன் படத்திலிருப்பது இளம் மீன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பது வருடமாகத் தொட்டிகள்மேல் குனிந்து பார்க்கிறேன். ஒரே கோலம் இரண்டு மீனில் வந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் தம்பி மீன்களில்கூட வராது. யாரோ உன்னோடு விளையாடுகிறார்கள். இரண்டு செதில்களை எடுத்து மீன்வள நிலையத்தில் கொடு, வளையத்தை எண்ணி வயது சொல்வார்கள்.

படங்களில் தலைமேல் வெளிச்சம் அடித்திருக்கிறது. நெற்றியில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது.

கென்சாகு


மிசோகுபோ
நவம்பர் 25

நடுவர் அவர்களுக்கு,

செதிலைக் கொடுத்தேன். நான்கு வளையம். அந்த நிலையத்துப் பெண் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "நாலு வயசு. ஆனா நாலாவது வளையம் பாதியில நிக்குது. இலையுதிர் காலத்துல வளர்ச்சி நின்ன மாதிரி இருக்கு. சமீபத்துல இதுக்கு எதாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டாள்.

நெற்றியில் ஒன்றுமில்லை. தூய வெள்ளை. ஏன் கேட்டீர்கள்?

அன்று கண்காட்சியிலும் தூய வெள்ளைதான். நான் அங்கே இருந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. தொட்டியருகில் குனிந்தீர்கள், தண்ணீரில் விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவினீர்கள், நிமிர்ந்து, "இங்கே இருந்த மை சுரண்டப்பட்டிருக்கிறது" என்றீர்கள். "மச்சான், எந்த மை?" என்று அவர் கேட்டார். நீங்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போட்டியில் இருந்த இனாமோரி தெய்சோவின் மீன் பரிசு வாங்க வேண்டுமென்று அவருடைய ஆட்கள் ஏதோ உங்கள் காதில் ஓதினார்கள், நீங்கள் நம்பினீர்கள் என்றுதான் ஊரே பேசியது. நானும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. "எந்த மைடி? அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. பொறந்ததுலேருந்து பாக்கறேன். உங்க அண்ணனுக்குக் கண்ணு போச்சா, இல்ல எனக்கா?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார்.

மீனைக் குளிர்காலக் கொட்டகைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். அதைப் பற்றியும் சொல்கிறேன், நீங்கள் நம்பாவிட்டாலும். மற்ற நாற்பத்து மூன்றும் அதன் அருகே போவதில்லை. தீவனம் போட்டால்கூட அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வெறும் தண்ணீர்தான் நிற்கும். அது எந்நேரமும் ஊற்று நீர் வந்து விழும் மூலையில், குழாயைப் பார்த்தபடி நிற்கிறது. மேலே வந்து வாய் திறந்து தீவனம் எடுக்கிறது, தண்ணீரில் வட்டம் விழுவதில்லை. வயதாகிறது, கண் ஏமாற்றுகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் போன வாரம் மழையில் என் கோட்டு கிடைக்காமல் தெருயுகியின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். குழாயை விட்டுத் திரும்பி, நேராக என் காலடிக்கு வந்து நின்றது. கோட்டைக் கழற்றினேன். திரும்பிப் போய்விட்டது.

கினுயோ


ஒகயாமா
டிசம்பர் 14

கினுயோ,

இனாமோரியின் ஆட்கள் யாரும் என் காதில் எதையும் ஓதவில்லை. ஊர் பேசுவதைக் கேட்டும் நான் வாய் திறக்காததற்குக் காரணம், உண்மை அதைவிட மோசமாக ஒலிக்கும் என்று தோன்றியதுதான்.

அந்த மையை நான் பார்த்தேன். என் இந்தக் கண்ணால்.

கண்காட்சி அன்று காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் லாரி மைதானத்தில் நின்றது. அவர் பதிவு செய்ய உள்ளே போயிருந்தார். நடுவர்கள் முன்கூட்டி மீன்களைப் பார்க்கக்கூடாது என்பது விதி. ஆனால் அது என் தங்கை வீட்டு மீன். ஆசை தாங்கவில்லை. தார்ப்பாயைத் தூக்கித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கையால் அதன் தலையைத் திருப்பினேன். நெற்றி நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்குக் கன்னங்கறேலென்று ஒரு மைப்பொட்டு. சான்கேவின் தலையில் கறுப்பு இருக்கக்கூடாது. அடடா, இதோடு போச்சே என்று தார்ப்பாயை மூடினேன்.

பதினொன்றரைக்கு அதே மீன் நீலத் தொட்டியில். நெற்றி சுத்தமாக இருந்தது. நான்கரை மணி நேரத்தில் மை தானாகப் போகாது. குளிரில் மை மேலே எழும், வெயிலில் அடங்கும், அதற்கெல்லாம் வாரக்கணக்கு ஆகும். விரலால் தடவினேன். கரடுமுரடாக இருந்தது. வேறு என்ன முடிவுக்கு நான் வருவது?

காலையில் பார்த்ததைச் சொன்னால், விதி மீறி லாரிக்குள் கைவிட்டதையும் சொல்ல வேண்டும். அதனால் சொல்லவில்லை. தங்கை கணவர் என்று விட்டுக்கொடுத்தான் என யாரும் சொல்லிவிடக்கூடாதென்று, வேறொருவராக இருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கக்கூடியதைச் சபையில் சொன்னேன். இவை என் தவறுகள். ஆனால் தீர்ப்பு தவறில்லை, கினுயோ. மாப்பிள்ளை அதைச் சுரண்டினார்.

கென்சாகு


மிசோகுபோ
டிசம்பர் 22

இனி எழுத வேண்டாம். இறந்தவரைத் திருடன் என்று சொல்ல ஒகயாமாவிலிருந்து தபால்தலை வீணாக்க வேண்டாம்.

கினுயோ


மிசோகுபோ
2016 மார்ச் 27

அண்ணா,

எழுதக்கூடாது என்று நான்தான் சொன்னேன். இப்போது நானே எழுதுகிறேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மை வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை தீவனம் போடப் போனேன். குழாய் மூலையில் வழக்கம்போல் நின்றது. நெற்றியில் ஏதோ சருகு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, கிண்ணத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டேன். போகவில்லை. முட்டிபோட்டுப் பார்த்தேன். நீ எழுதிய அதே இடம், அதே அளவு. கிண்ணத்தில் பூசும் அரக்கு போலக் கறுத்து மின்னுகிறது. புதன்கிழமை வரை அங்கே ஒன்றுமில்லை.

நீ பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் அவர்தான் என்னிடம் பொய் சொன்னாரா? சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "எந்த மைடி?" என்று கேட்டவர், காலையில் லாரிக்குப் பின்னால் நின்று பிளேடால் அதைச் சுரண்டியவரா? பதினொரு வருடமாக மலையின் அடியில் எங்கோ கிடக்கிறவரிடம் நான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாகப் பேசவில்லை. அவருக்காக வீட்டில் வைத்த புத்தபீடத்துக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

கொட்டகையில் நிற்கவும் முடியவில்லை. பனி உருகும் நேரம், தண்ணீர் எப்போதும் குளிர்தான். ஆனால் இந்த வாரம் ஊற்று நீரில் கை வைத்தால் எலும்பு வலிக்கிறது. துருப்பிடித்த ஆணியை வாயில் போட்ட மாதிரி ஒரு நாற்றம். குழாய் மாற்ற வேண்டும்போல. மற்ற மீன்களெல்லாம் எதிர் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. அது மட்டும் அசையாமல் நிற்கிறது.

நீ ஜெயித்தாய். சொல்லிவிட்டேன்.

கினுயோ


ஒகயாமா
மார்ச் 30, விரைவுத் தபால்

கினுயோ,

இதைப் படித்தவுடன் வீட்டை விட்டு இறங்கு. நின்றுகொண்டு படித்தால் போதும், உட்காராதே.

நேற்றிலிருந்து எட்டு முறை போன் செய்தேன். "ஹலோ" என்று என் குரல் கேட்டதும் இரண்டு முறை வைத்தாய், பிறகு எடுக்கவேயில்லை. ஊர் அலுவலகத்தில் பேசினேன். ஒரு மீனின் நெற்றியைப் பற்றி ஒகயாமாவிலிருந்து ஒருவன் கத்தினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பனி வழிவிட்டதும் ஆளனுப்பிப் பார்ப்பதாக மரியாதையாகச் சொன்னார்கள். தோகுஜியின் எண் எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தில் மையைப் பற்றி எழுதியதைவிடத் தண்ணீரைப் பற்றி எழுதிய நான்கு வரிதான் என்னைத் தூக்கிப் போட்டது. அன்று காலை லாரித் தொட்டிக்குள் நான் கைவிட்டேன் என்றேன் அல்லவா? அக்டோபர் மாதம், இன்னும் உறைபனிகூட விழவில்லை. கை எலும்புவரை வலித்தது. கையை உதறி, மோந்து பார்த்தேன். துரு நாற்றம். மாப்பிள்ளை துருப்பிடித்த தொட்டியில் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார் என்று மனதுக்குள் சிரித்தேன். அவர் எடுத்து வந்தது உங்கள் ஊற்று நீரை. கண்காட்சியின் நீலத் தொட்டியில் இருந்தது நகரக் குழாய் நீர்.

புரிகிறதா? அந்தத் தண்ணீரில் மை எழுந்தது. குழாய் நீரில் அடங்கியது. மாப்பிள்ளை விடியுமுன் இருட்டில் மீனை ஏற்றினார், பகலில் நீலத் தொட்டியில்தான் பார்த்தார். நடுவில் அது வந்து போனதை அவர் பார்க்கவேயில்லை. "எந்த மை?" என்று அவர் கேட்டது உண்மையான கேள்வி.

கரடுமுரடாக இருந்தது என்று எழுதினேனே, அதையும் நினைத்துப் பார்த்தேன். இருந்ததா? இருந்தாக வேண்டுமென்று என் விரல் முன்பே முடிவு செய்திருந்தது.

அந்தத் தண்ணீர் மாறி நான்கு நாளில் மலை விழுந்தது. இப்போது மறுபடி மாறியிருக்கிறது. என்னை நம்ப வேண்டாம். மீனைக் கீழே கொண்டுபோய்க் குழாய் நீரில் விட்டுப் பார், நான் சொல்வது தெரியும். ஆனால் முதலில் இறங்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

கென்சாகு


ஒஜியா, தோகுஜியின் மகள் வீடு
ஏப்ரல் 8

அண்ணா,

தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். உயிரோடு இருக்கிறேன் என்று உனக்குப் போனில் சொல்லும்படி தோகுஜியைக் கேட்டேன்.

உன் கடிதம் மார்ச் 31 காலை பத்து மணிக்கு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நீ இறங்கு என்றதற்காக நான் இறங்கவில்லை. உட்கார்ந்துதான் படித்தேன், அதுவும் இரண்டு முறை. மலை விழும் என்பதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்ற ஒரு வரிதான் ஏறியது. அதை உடனே பார்த்தாக வேண்டும். குழாய் நீர் ஊரில் கீழே சமூகக் கூடத்தில்தான் இருக்கிறது. மீனைப் பையில் ஏற்றி, பிராணவாயு அடைத்து, லாரியில் வைத்தேன். தோகுஜியைக் கூப்பிட்டேன்.

"மீனுக்கு எதுக்கும்மா ஊர்வலம்?" என்றார்.

"ஏறுங்க. சாட்சி வேணும்."

கூடத்துச் சமையலறையின் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் குழாய் நீரைப் பிடித்து, குளோரின் போக மருந்து போட்டு, மீனை விட்டோம். மணி பத்து ஐம்பது. நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. தோகுஜி தேநீர் ஊற்றினார். பிறகு பொட்டின் ஓரம் நனைந்த காகிதம்போல் கலங்கியது. கறுப்பு சாம்பலானது. சாம்பல் நீலமானது. தோலுக்கு அடியில் ஏதோ கீழே கீழே மூழ்குகிற மாதிரி இருந்தது. யாரும் தொடவில்லை அண்ணா. நாங்கள் மூச்சுகூட விடவில்லை.

"எங்கம்மா போகுது அது?" என்று தோகுஜி கேட்டார். "உள்ளேருந்து யாரோ வாங்கிக்கற மாதிரி இருக்கே."

பதினொன்று இருபதுக்கு நெற்றி சுத்தமாக வெள்ளையாக இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். அப்போதுதான் மீன் முதன்முறையாகத் துள்ளியது. தொட்டித் தண்ணீர் பாதி தரையில் கொட்டியது. அதைப் பிடிக்க எழுந்தோம். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. லாரி வரிசையாகப் போகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வெளியே ஓடினோம். என் வீட்டு மேட்டில் தேவதாரு மரங்கள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. அப்படித்தான் தெரிந்தது, நடந்து வருகிற மாதிரி. கொட்டகை போயிற்று, அதில் இருந்த நாற்பத்து மூன்றும் போயின. வீட்டில் குளியலறைச் சுவர் ஒன்று நிற்கிறது.

மூன்றாம் நாள், மண் அள்ளும் இயந்திரக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பழைய சரிவு பிளந்து, பழைய குளத்தின் களிமண் மேலே வந்திருந்தது. அந்தக் களிமண்ணில் தெருயுகி இருந்தார். ரப்பர் பூட்ஸில் நான் மையால் எழுதிய பெயர் அப்படியே இருந்தது. அவர் இரண்டு கைகளையும் முன்னால் வளைத்து எதையோ அணைத்த மாதிரி கிடந்தார். கைகளுக்கு நடுவில் ஒரு பெரிய மீனின் முதுகெலும்பும், தொண்டைப் பற்களும். அந்த மீன் அன்றைக்கே அவரோடு இறந்துவிட்டது. இது வேறு.

இது வேறு என்றால் இது என்ன என்று என்னைக் கேட்காதே. இப்போது தோகுஜியின் கீழ்க் குளத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை.

இருபத்து நான்காம் தேதி அவருக்கு இறுதிச் சடங்கு செய்கிறோம். நீ வா. மன்னிப்பு எனக்கு வேண்டாம், என்னிடம் கேட்கவும் வேண்டாம். அவரைச் சபையில் திருடன் ஆக்கினாய். சபையில் வந்து சொல்.

கினுயோ


ஒகயாமா
மே 9

கினுயோ,

ஊர் வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. இன்னும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நீ சடங்கு முடிந்ததும் சாம்பலோடு கோவிலுக்குப் போய்விட்டாய். கூடத்தில் நான் பேசியதை நீ கேட்கவில்லை. தோகுஜி உன்னிடம் சொல்லியிருப்பார், அவர் பாணியில். நானும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கண்காட்சியில் இருந்தவர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். இனாமோரி தெய்சோ சக்கர நாற்காலியில் வந்தார். விதி மீறி லாரிக்குள் பார்த்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சகாய் தெருயுகி மீனைத் தொடவில்லை, நான்தான் தவறாகத் தீர்த்தேன் என்றேன். கண்காட்சி நடத்தும் சங்கத்திடம் கேட்டதையும் சொன்னேன். பழைய முடிவைத் திருத்த விதியில் இடமில்லை என்றுவிட்டார்கள். என் நடுவர் சின்னத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதையும் சொன்னேன்.

பிறகு இனாமோரிதான் பேசினார். "பதினொரு வருஷமா அந்தப் பரிசை எங்க வீட்டு மாடத்துல வச்சிருக்கேன். ஊரு என்னைப் பாத்துச் சிரிச்சுது. நான் உன் காதுல ஓதினேனாம்ல? வாயைத் திறந்து இல்லைன்னு சொல்ல உனக்குப் பதினொரு வருஷம் ஆச்சா?"

அவர் பெயரையும் நான் கெடுத்திருக்கிறேன் என்று அந்த நிமிடம்தான் உறைத்தது. தரையில் நெற்றி பட வணங்கினேன். அவர் நாற்காலியைத் திருப்பச் சொல்லிப் போய்விட்டார்.

தோகுஜி சும்மா இருக்கவில்லை. நீலத் தொட்டியில் அந்த மீனைக் கொண்டு வந்து கூடத்து நடுவில் வைத்தார். "பாத்துச் சொல்லுங்க அய்யா, இது எப்படின்னு" என்றார். கேலியா நிஜமா தெரியவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் குனிந்தேன்.

படத்தில் பார்த்ததைவிட நல்ல மீன், கினுயோ. நான் பார்த்ததிலேயே நல்ல மீன். ஆனால் குறையைத் தேடித் தலையிலிருந்து வால்வரை என் கண் போகும் வழக்கமான பாதை இருக்கிறதே, அந்தப் பாதை அதன்மேல் நிற்கவில்லை. வழுக்கியது. இரண்டாவது படிக்கு வந்தால் முதல் படி எப்படியிருந்தது என்று மறந்துவிட்டது. மறுபடி தலையில் தொடங்கினேன். மறுபடி மறந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, பாதிப் பேர் போயிருந்தார்கள். ஐம்பது நிமிடம் குனிந்து நின்றேனாம். எனக்கு ஐந்து நிமிடம் என்றுதான் தோன்றியது.

"எனக்குத் தெரியல" என்றேன். முப்பது வருடத்தில் ஒரு தொட்டியருகில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

அதை வைத்து இனவிருத்தி செய்யப் போவதாக தோகுஜி சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. காரணம் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஆனாலும் வேண்டாம்.

கென்சாகு


மிசோகுபோ, தோகுஜியின் வீடு
ஆகஸ்ட் 2

அண்ணா,

இனாமோரி ஜூன் மாதம் ஒருநாள் வந்தார். அந்தப் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து, தெருயுகியின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். நீ செய்த காரியத்துக்கு இதுதான் பலன். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ வேண்டாம் என்றாய். நாங்கள் செய்தோம். வீடு போய், குளம் போய், நாற்பத்து மூன்று மீனும் போய், கையில் மிஞ்சியது இது ஒன்றுதான் அண்ணா. வேறு எதை வைத்துத் தொடங்குவேன்? தோகுஜியின் ஆண் மீன்களில் இரண்டை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழி மீன்களை, மே கடைசியில் அதோடு விட்டோம். விடிவதற்குள் முட்டை போட்டது. இரண்டு நாளில் அது இறந்துவிட்டது. நோயில்லை, காயமில்லை. தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. உடம்பைக் கோவிலுக்குப் பின்னால் புதைத்தோம்.

குஞ்சுகள் மூன்று லட்சத்துக்குக் குறையாது. சேற்றுக் குளத்தில் விட்டோம். தேறாத குஞ்சுகளைக் கழிக்கும் முதல் நாள் நேற்று. உனக்குத் தெரியும், சான்கேக் குஞ்சுகள் இந்த வயதில் நூற்றில் தொண்ணூறு குப்பை. முழுச் சிவப்பு, வெறும் வெள்ளை, கோணல் வாய். காலை எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். வலதுபக்கம் நிறுத்துகிற தொட்டி, இடதுபக்கம் கழிக்கிற தொட்டி. தோகுஜி முதல் கிண்ணத்தைக் கொண்டு வந்தார்.

முதல் குஞ்சில் மூன்று படி சிவப்பு இருந்தது. இரண்டாவது படியின் இடது ஓரத்தில் வெள்ளை ஜன்னல். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சில் அந்த ஜன்னலுக்குக் கீழே இரண்டு கறுப்புப் புள்ளி. சரி, தாயைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று வலப்பக்கம் போட்டேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கிண்ணத்தை முழுதாகக் கவிழ்த்தேன். நூற்றியிருபது இருக்கும். எல்லாம் ஒன்றுதான். ஒன்றுகூட வேறில்லை. அடுத்த கிண்ணம், அதற்கடுத்த கிண்ணம், குளத்தின் நான்கு மூலையிலிருந்தும் எடுத்துவரச் சொன்னேன். தோகுஜி ஒன்பதாவது கிண்ணத்தோடு நின்று, "போதும்மா. நான் வீட்டுக்குள்ள போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை வெளியே வரவில்லை.

கழிக்கிற தொட்டி காலியாக இருக்கிறது. எதை எடுப்பது? ஒன்றில் குறை என்றால் எல்லாவற்றிலும் அதே குறை.

இன்று காலை தனியாகக் கரைக்குப் போனேன். சேற்று நீரில் எதுவும் தெரியாது என்று தைரியம். தெரிந்தது. மூன்று லட்சமும் கரையோரம் வந்து, ஒரே பக்கம் தலையை வைத்து, அசையாமல் நின்றன. நான் நடந்தால் தலைகள் திரும்பின. என் அண்ணன் கண்ணுக்கு இவற்றில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்றில் ஏதாவது ஒரு வித்தியாசம், ஒரு செதில் அளவுக்கு இருந்தால்கூட நான் தூங்குவேன்.

சனிக்கிழமை காலை வண்டியில் வா. சின்னம் போனால் போகிறது, உன் கண்ணை எடுத்துக்கொண்டு வா. ஸ்டேஷனுக்கு நானே லாரி எடுத்து வருகிறேன். அதுவரை நான் குளத்துப் பக்கம் போகப்போவதில்லை. தீவனம்கூடப் போடவில்லை. அவை கேட்கவுமில்லை.

கினுயோ